ஸ்கூட்டி பழுதில்லை, நடக்கத்தான் வந்தேன்

கிளிநொச்சியில் ஒரு பெண் சும்மா வீதியோரம் நடந்து போய்விட முடியாது. தடுப்பார் யாரும் இல்லை, ஏற்றிப் போக நிற்பவர்கள்தான் அதிகம். "என்ன அக்கா, ஸ்கூட்டி பழுதோ? ஏறுங்கோ, இறக்கி விடுறன்." கந்தோரில் வேலை செய்யும் தம்பி, மகளின் பள்ளிக்கூட டீச்சர், முகமே தெரியாத ஓட்டோக்காரர், எல்லோருக்கும் ஒரே கேள்விதான். வேண்டாம், நடக்கத்தான் வந்தேன் என்றால் ஒரு பார்வை பார்ப்பார்கள். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டுதான் போவார்கள் போலும்.

அவர்களைக் குறை சொல்ல ஏலாது. வன்னியில் நடையும் சைக்கிளும் இல்லாதவனின் அடையாளமாக நீண்ட காலம் இருந்தவை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் காணக் கிடையாது. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நெல் மூடை, விறகு, பிள்ளைத்தாச்சி, காய்ச்சல்காரர் எல்லாம் சைக்கிளில் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். "அந்தக் காலத்தில் யாருக்குச் சீனி வருத்தம் இருந்தது, எல்லாரும் ஒல்லியாகத்தானே இருந்தோம்" என்று இப்போது சிலர் பெருமையாகச் சொல்வார்கள். ஒல்லியாக இருந்ததற்குச் சைக்கிள் பாதிக் காரணம். மீதி, சாப்பாடு இல்லாதது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தை எனக்குத் திரும்ப வேண்டாம்.

2009க்குப் பிறகு எல்லாம் மாறியது. ஏ9 வீதி பளபளப்பானது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது. கிணற்றில் கப்பி இருந்த இடத்தில் தண்ணி இறைக்கும் பம் வந்தது. அரிவாளோடு வயலில் இறங்கிய ஆட்கள் இப்போது வரம்பில் நின்று வெட்டு மெசினைப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் தேவையான வசதிதான், எதையும் விடச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வசதியும் உடம்பிடமிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. சோற்றுக் கோப்பை மட்டும் வயல் வேலைக்காரனின் அளவிலேயே நின்றுவிட்டது.

என் விடயத்துக்கு வருகிறேன். வீடு உருத்திரபுரம், வேலை கிளிநொச்சி ரவுணில். நாள் முழுக்கக் கதிரை. சாப்பிடாமல் பார்த்த சீனி 118 என்று வந்தது. நூறுக்குக் கீழே இருந்தால் சரி, 126ஐத் தொட்டால் இன்னொரு முறை பார்த்து நீரிழிவு என்று உறுதி செய்வார்கள். நான் எல்லையில் நின்றேன். வைத்தியர் நிறை, உயரம் எல்லாம் பார்த்துவிட்டு, "இப்ப குளிசை வேண்டாம். நடவுங்கோ, சீனியைக் குறையுங்கோ, மூன்று மாதத்தால வந்து காட்டுங்கோ" என்றார். அம்மாவுக்கும் சீனி. அம்மாவின் காலில் ஒரு சின்னப் புண் ஆறுவதற்கு எத்தனை மாதம் பிடித்தது என்பதைப் பார்த்தவளுக்கு வேறு புத்திமதி தேவைப்படவில்லை.

நிறையைப் பற்றி அன்று தெரிந்துகொண்டது ஒன்று. நம் தெற்காசிய உடம்புக்கு எல்லைக்கோடு கொஞ்சம் கீழே இருக்கிறது. நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் (மீற்றரில்) பிரித்தால் வரும் எண் வெள்ளைக்காரருக்கு 25 வரை பரவாயில்லை. நமக்கு 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 155 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு அது ஏறக்குறைய 55 கிலோ. கந்தோரில் இதைச் சொன்னபோது அந்தப் பக்கமிருந்த நாலு பேரும் அமைதியாகிவிட்டார்கள். அதைவிட இடுப்புச் சுற்றளவு நேர்மையாகப் பேசும்: பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. நம் ஆட்களுக்குக் கை கால் மெலிவாக இருக்கும், வண்டி (வயிறு) மட்டும் முன்னால் போகும். அந்த வண்டிக் கொழுப்புத்தான் சீனிக்கும் பிரஷருக்கும் சொந்தக்காரன்.

நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். விடிய எழும்பி வாய்க்கால் கட்டால் போய்த் திரும்புவது. சில கிழமை போயிருக்கும். பிறகு மகளுக்குப் பரீட்சை, எனக்குத் தடிமன், வீட்டில் விசேஷம் என்று நடை தானாகக் கழன்றுபோனது. கந்தோரில் விசாரித்தால் எல்லாருக்கும் இதே கதை. "உடற்பயிற்சி" என்று தனியாக ஒரு நேரம் வைத்தால், வீட்டில் வேலை கூடும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். குறிப்பாகப் பெண்களுக்கு.

என்னைச் சைக்கிளில் ஏற்றியது வைத்தியர் இல்லை, 2022. பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் காவல் கிடந்த அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்கூட்டியை மூடி வைத்துவிட்டு, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துக் கிடந்த பழைய லுமாலா லேடீஸ் சைக்கிளைக் கழுவி எடுத்தேன். ரயர் இரண்டும் மாற்ற வேண்டியிருந்தது, அப்போது ரயருக்கும் தட்டுப்பாடு. ரவுணுக்கு அரை மணித்தியாலம் மிதிக்க வேண்டும், திரும்ப அரை மணித்தியாலம். முதல் கிழமை தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. படியிறங்கும்போது சுவரைப் பிடித்தேன். பிறகு உடம்பு பழகிவிட்டது.

அந்த மிதிப்பை நான் உடற்பயிற்சி என்று நினைக்கவே இல்லை என்பதுதான் இதில் உள்ள விடயம். கந்தோருக்குப் போயே ஆக வேண்டும், அதனால் மிதித்தேன். தடிமன் என்றாலும் போனேன். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து பெற்றோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் ஊரில் பாதிச் சைக்கிள் திரும்பவும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. என்னுடையது போகாததற்குக் காரணம் அடுத்த இரத்தப் பரிசோதனை. சீனி நூறுக்குக் கீழே வந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை, தராசு அவ்வளவாக அசையவில்லை. அத்தனை மாதம் மிதித்தும் நிறை இரண்டு கிலோ குறைந்ததோ என்னவோ. கந்தோர் அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப என்னத்துக்கு இந்த வெயிலுக்க மாயுறாய்?" என்றார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே கொஞ்சம் தேடி வாசித்தேன்.

சென்னையில் ராமச்சந்திரன் என்ற வைத்தியரின் குழு, என்னைப் போல எல்லையில் நின்ற 531 பேரை மூன்று வருடத்துக்குப் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுத்த கூட்டத்தில் நீரிழிவுக்குள் விழும் ஆபத்து 28.5 வீதம் குறைந்தது. மெற்போமின் என்ற சீனிக் குளிசை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் நடந்தவர்களின் நிறை பெரிதாகக் குறையவில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த அதே மாதிரி ஆய்வில் நிறையும் குறைந்தது, ஆபத்தும் 58 வீதம் குறைந்தது. நிறை குறைந்தால் இன்னும் நல்லது, குறையாவிட்டாலும் அசைவு வீண் இல்லை என்றுதான் நான் இதை விளங்கிக்கொண்டேன்.

காரணமும் சிக்கலானது இல்லை. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இன்சுலினுக்காகக் காத்திராமல் தானே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கும். நடந்து முடித்த பிறகும் அடுத்த நாள் வரை அந்த நன்மை கொஞ்சம் மிஞ்சியிருக்கும், பிறகு கரைந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காதே என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஓடிவிட்டு மற்ற ஆறு நாளும் படுத்திருப்பதை விட, தினமும் கொஞ்சம் அசைவது சீனிக்கு நல்லது.

சாப்பிட்ட பிறகு நடக்கும் நடைக்குத் தனிச் சக்தி உண்டு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கந்தோர் வளவுக்குள் நிழலில் நடந்தாலே, சோறு இரத்தத்தில் ஏற்றும் சீனி அவ்வளவு உயராது. இதை நான் விரலில் குத்திச் சீனி பார்த்தே கண்டேன். அதே சோறு, அதே மரக்கறி, நடந்த நாளும் நடக்காத நாளும் எண் வேறு வேறாக இருந்தது. இப்போது எங்களில் மூன்று பேர் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிவிட்டு மதிலோரம் ஒரு சுற்றுப் போவோம். ஊர்க்கதை கதைக்க நல்ல நேரமும் அதுதான்.

லண்டனில் ஜெரி மொரிஸ் என்பவர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு தட்டு பஸ்ஸில் சாரதி இருந்த இடத்தில் இருக்கிறார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். இதய வருத்தம் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. வவுனியா பஸ்ஸில் நெரிசலுக்குள் முன்னும் பின்னும் போய்வரும் நம் கண்டக்டர் பொடியன்களைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். மொரிஸ் நேர்மையான மனிதர். சாரதிகளின் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்து, அவர்கள் கண்டக்டர்களை விடப் பெரிய இடுப்போடுதான் வேலைக்கே வந்திருக்கிறார்கள் என்பதையும் பிறகு எழுதினார். எல்லாவற்றையும் ஆசனத்தின் தலையில் கட்ட முடியாது என்று அர்த்தம்.

சரி, நிறை. அது கடைசியில் குறைந்தது, ஆனால் சைக்கிளால் மட்டும் இல்லை. அறுபது கிலோ ஆள் அரை மணித்தியாலம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது நூறு கலோரி அளவுதான். இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி மூன்று குடித்தால் அது சரிக்குச் சரி. கந்தோரில் நான் ஐந்து குடிப்பவள். பின்னேரம் ஒரு றோல்ஸ், சனிக்கிழமை யாராவது வந்தால் ஒரு சோடா. கணக்குப் பார்த்த அன்று சிரிப்பு வந்தது. தேத்தண்ணியை விட மனம் வரவில்லை, சீனியை விட்டேன். முதல் பத்து நாள் கசாயம் குடிப்பது போல இருந்தது, இப்போது சீனி போட்டுத் தந்தால் குடிக்க முடியாது. இராச்சோற்றைப் பாதியாக்கி மரக்கறியையும் மீனையும் கூட்டினேன். அதற்குப் பிறகுதான் தராசு இறங்கத் தொடங்கியது, அதுவும் மெதுவாக. தராசுக்கு முன்னால் சொன்னது உள்பாவாடை நாடா. முடிச்சுக்கு வெளியே தொங்கும் நுனி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டு வந்தது.

உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்ன அளவு, கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கான அசைவு. கதைக்க முடிய வேண்டும், பாடமுடியக் கூடாது, அதுதான் வேகம். அதோடு கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. இந்த இரண்டாவதை நம் ஊரில் யாரும் கணக்கெடுப்பதில்லை. வயது போகப் போகத் தசை கரையும், கரைந்த இடத்தில் சீனியை எரிக்க ஆளில்லை. ஜிம்முக்குப் போகத் தேவையில்லை. கதிரையில் கை ஊன்றாமல் எழும்பி இருப்பதைப் பத்துத் தரம் செய்து பார்த்தாலே தொடை சொல்லிவிடும். நான் பூக்கண்டுகளுக்குப் பம்மைப் போடாமல் இரண்டு வாளியால் ஊற்றுகிறேன், இரண்டு கையிலும் சம பாரமாக. அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு குதிக்கால் தூக்கி இறக்குவார். விழாமல் இருப்பதற்கு அந்த வயதில் அதுதான் பெரிய மருந்து.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்று போனில் எண்ணிக்கொண்டு கவலைப்படுபவர்களுக்கு ஒரு ஆறுதல். அந்த எண் அறுபதுகளில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றவர்களிடமிருந்து வந்தது. வயதான பெண்களை வைத்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 4400 அடி நடந்தவர்களுக்கே மரண ஆபத்துக் குறைவாக இருந்தது, 7500 அளவில் அந்த நன்மை நின்றுவிட்டது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கொஞ்சத்துக்கு வருவதில்தான் பெரிய லாபம்.

காரியம் இருந்தால் கால் நடக்கும் என்பதற்கு வருடா வருடம் நம் கண்ணுக்கு முன்னால் சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவால் போகும்போது பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நடக்கப் போகிற அந்தக் கூட்டத்தில் எழுபது வயது அம்மாமாரும் தலையில் மூட்டையோடு போவார்கள். அவர்களிடம் "தினமும் அரை மணித்தியாலம் உடற்பயிற்சி செய்யுங்கோ அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், "நேரம் எங்க பிள்ளை?" என்பார்கள்.

ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் நேரம் ஒதுக்கச் சொல்வதில்லை. ஏற்கனவே செய்யும் காரியங்களில் எதைக் காலால் செய்யலாம் என்று பார்க்கச் சொல்வேன். சந்திக் கடைக்கு ஸ்கூட்டி எடுக்க வேண்டாம். பிள்ளையை ரியூசனில் விட்டுவிட்டு வாசலில் போனை நோண்டிக்கொண்டு நிற்காமல், அந்த ஒரு மணித்தியாலம் ஒழுங்கையைச் சுற்றலாம். போன் வந்தால் எழும்பி நடந்து கதைக்கலாம். நடந்தால் ஆட்கள் மறித்து ஏற்றுகிறார்கள் என்று கூச்சப்படுபவர்கள் கையில் ஒரு பையைக் கொண்டு போங்கள். பை இருந்தால் கடைக்குப் போகிறா என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இது நான் பரீட்சித்துப் பார்த்த உண்மை.

எல்லாருக்கும் கால் இரண்டு இல்லாத மண் இது, அதையும் சொல்ல வேண்டும். என் அத்தானுக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். நிறை கூடினால் கால் பொருந்தும் குழி இறுகி, உரசிப் புண் வரும். புண் வந்தால் காலைக் கழற்றிவிட்டு இருக்க வேண்டும். இருந்தால் நிறை இன்னும் கூடும். இந்தச் சுழலுக்குள் அவர் நல்லாக அகப்பட்டார். புண் ஆறும்வரை காலைப் போடாமல், கதிரையில் இருந்தபடி ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குவது, கதிரைக் கையை ஊன்றி உடம்பை உயர்த்துவது என்று இயன்மருத்துவர் காட்டிக் கொடுத்ததைச் செய்தார். நிறை மாறினால் குழியையும் மாற்ற வேண்டும், பழையதோடு சமாளிக்கக் கூடாது. மூச்சு வாங்கும் வேலை கையாலும் செய்யலாம், இதயத்துக்குக் கை கால் வித்தியாசம் தெரியாது.

இனி ஆபத்துகள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்கள் விடியமுன் நடக்கப் போகக் கூடாது, யானை நிற்கும். அங்கே வெளிச்சம் வந்த பிறகுதான். எங்கள் பக்கம் யானையை விட மணல் டிப்பருக்கும், லைட் இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கும்தான் பயப்பட வேண்டும். சைக்கிளின் பின் மட்காட்டில் ஒளி தெறிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், வெளிர் நிறத்தில் உடுத்துங்கள், வாகனம் வரும் திசையைப் பார்த்து நடவுங்கள். வாய்க்கால் கட்டில் இருட்டோடு போனால் ரோச் கட்டாயம், புடையன் வழிவிட்டு விலகுகிற பாம்பு இல்லை. மிதிவெடி அடையாளப் பலகை இருக்கும் இடங்களில் குறுக்குப் பாதை வேண்டவே வேண்டாம்.

சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டமுன் வைத்தியரிடம் கேளுங்கள். சில மருந்துகளோடு திடீரெனச் சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். பையில் நாலு ரொபி இருக்க வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வெயிலில் எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்பதையும் அங்கேயே கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடக் கைக்கோ நோ பரவினால் நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரி. கால் விறைத்துப்போகும் சீனிக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய் வெயில் மணலில் நடந்துவிட்டு, கால் கொப்பளித்தது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது என்று சொன்னவரை எனக்குத் தெரியும். கோவிலுக்குப் போகும் நாளில் வெயில் ஏறமுன் போங்கள், இரவு பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

சோளகம் தொடங்கினால் பின்னேரம் சைக்கிளில் வீடு திரும்புவது பெரும்பாடு. முகத்துக்கு நேரே காற்று, பாதி வழியில் இறங்கி உருட்டத் தோன்றும். உருட்டுங்கள், அதுவும் நடைதான். மாரியில் வீதியே வாய்க்காலாகிவிடும், அப்போது விறாந்தையில் முன்னும் பின்னும் நடப்பதும், கதிரை எழும்பி இருப்பதும் தவிர வேறு வழியில்லை.

முழங்கால் நோ என்று சைக்கிளை விட்ட கந்தோர் அக்காவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐயா அவரை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சீற் பதிவு என்றார். நம் பெண்கள் நிற்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று சீற்றைப் பதித்து வைப்பார்கள். அப்படி மிதித்தால் முழங்கால் எப்போதும் மடிந்தே இருக்கும், பாரம் முழுக்க அங்கேதான். மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நிமிர வேண்டும், கொஞ்சம்தான் மடிவு மிஞ்சலாம். ஐயா சீற்றை மூன்று விரல் உயர்த்தி, ரயரை அமத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, காத்தும் இல்லை. காத்தில்லாத சைக்கிளை மிதிச்சா முழங்கால் மட்டுமில்லை, கடைக்காரன்ர மனமும் நோகும்."